பாங்கு சொன்னால் நிற்கும் மோட்டார்

வினாகிரிக் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கமீலா சுருக்கித்தான் தொழுவாள். குர்ஆனில் சின்னச் சின்ன சூறாக்களாகப் பார்த்து ஓதுவாள். சுஜூதில் நெற்றியை வைத்தாள் என்று நினைப்பதற்குள் எழும்பிவிடுவாள். ஸலாம் கொடுத்த கையோடு தொழுகைப் பாயான முசல்லாவை மடித்துக்கொண்டு, துஆவை நடந்தபடியே கேட்பாள். இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த மோட்டார். தொழப் போகும்போது அதை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். அது சத்தமில்லாமல் கிடக்கிற நேரமெல்லாம் முதலாளி ஹமீட் ஹாஜியாருடைய நேரம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கூலி வாங்குகிற பொழுதிலிருந்து கிள்ளி எடுத்து அல்லாஹ்வுக்குக் கொடுக்கிறோமே என்று கூச்சப்படுவாள்.

"ஹாஜியார் ஒரு நாளாவது ஒரு சொல் சொன்னவரா?" என்று கேட்பாள் எமிலியா. கொட்டிலில் கூட வேலை செய்கிறவள். தலவில ஊர்க் கத்தோலிக்கப் பெண்.

"சொல்லமாட்டார் புள்ள. அதுதான் எனக்கு இன்னும் வெக்கமாக் கிடக்கு."

"நல்ல வெக்கம். எங்கட சுவாமிமார் கண்டா உங்களப் பிடிச்சிக்கொண்டுபோய் மடத்தில சேத்துப்போடுவினம்."

கொட்டில், பாலாவியிலிருந்து நுரைச்சோலைக்குப் போகும் வீதியில், ஹாஜியாருடைய தேங்காய் ஆலைக்குப் பின்பக்கம் இருந்தது. ஆலையில் தேங்காயை உடைத்துத் துருவி உலர்த்தி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். உடைக்கிறபோது ஓடும் தண்ணீர் முன்பெல்லாம் வாய்க்காலில் போய்த் தேங்கி நாறும். அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து முறையிட்ட பிறகு, ஹாஜியார் அந்தத் தண்ணீரை வீணாக்காமல் வினாகிரி போடத் தொடங்கினார். தண்ணீரைச் சீனி போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, பாணுக்குப் போடுகிற அதே ஈஸ்ட்டைப் போட்டால் நுரைத்துப் பொங்கும். பிறகு பீப்பாக்களில் கிடந்து புளித்து வினாகிரியாகும். ஆனால் ஈஸ்ட் இலேசில் போகாது. மாக் கரைத்த தண்ணீர் மாதிரி உள்ளே மிதந்துகொண்டே நிற்கும். அதைப் பிரித்து, கண்ணாடிபோலத் தெளிந்த வினாகிரியை எடுப்பதுதான் கமீலாவின் வேலை.

ஈஸ்ட் பொங்குகிற நாட்களில் கொட்டிலில் ஒரு மணம் எழும்பும். அது உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். ஆலங்குடாவில் பக்கத்து வளவுப் பளீலாவுக்கு அது போதும்.

"கமீலா, இண்டைக்குக் கள்ளுத் தவறணையில நல்ல வியாபாரமோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பாள்.

கமீலா கோபிக்கமாட்டாள். வேலைக்குச் சேரும் முன்பே மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டவள் அவள். புளித்து வினாகிரியாகிவிட்டால் அது ஹலால்தான், நபியவர்களே அதை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள நல்ல ஆணம் என்று விரும்பிச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று மௌலவி சொல்லியனுப்பிய பிறகுதான் அவள் கொட்டிலுக்குள் கால் வைத்தாள்.

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பெரிது என்பது அவளுடைய முதுகுக்குத்தான் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை மன்னாரைவிட்டு வெளியேற்றியபோது, எல்லோரையும்போல உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினாள்; அப்போது அவள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டில்களில் அகதி முகாம். அங்கே பள்ளிக்கூடம் என்று ஒன்றைத் தொடங்கியபோது உம்மா அவளை வெங்காயத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகத் தொடங்கியிருந்தார். அதோடு படிப்பு முடிந்தது. குனிந்து நாற்று நடுவது, குனிந்து புல்லுப் பிடுங்குவது, குனிந்து வெங்காயம் கிண்டுவது என்று முதுகு வளைந்தே வளர்ந்தாள். களப்பில் மீன்பிடித் தொழில் செய்யும் ஜபாரைக் கலியாணம் முடித்தாள். யுத்தம் முடிந்து சிலர் மன்னாருக்குத் திரும்பிப் போனபோது ஜபாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வளவு எது, காடு எது எண்டு எனக்கே விளங்கேல்ல" என்றார். இருந்துவிட்டார்கள். அதற்குள் கமீலாவுக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு வந்து, காலையில் பாயிலிருந்து எழும்பவே பிஸ்மி சொல்லிக் கதவு நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வினாகிரிக் கொட்டில்தான் அவளுடைய வாழ்க்கையில் நிமிர்ந்து நின்று செய்த முதல் வேலை. தலைக்கு மேல் கூரை வேறு.

வடிக்கிற மெசினைச் சிலாபத்திலிருந்து வந்து பூட்டியவர் இன்னாசித்தம்பி. கையில் எண்ணெய்க் கறையும் வாயில் பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக இருக்கிற மனிதர். மெசின் என்றால் பெரிய கோலமில்லை. ஒரு தொட்டி, ஒரு மோட்டார், ஆள் உயரத்துக்கு ஒரு உருக்குக் குழாய். அந்தக் குழாய்க்குள் வெள்ளை நிறத்தில் மெல்லிய குழல்கள் கட்டாக இருக்கும். குழல்களின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கலங்கல் வினாகிரி குழல்களுக்குள்ளால் ஓடி மறுபடி தொட்டிக்கே வரும். ஓடுகிற ஓட்டத்தில் தெளிந்தது மட்டும் துளைகளால் கசிந்து, பக்கத்துக் குழாய் வழியாக வெளியே ஒழுகும். ஈஸ்ட்டுக்குத் துளை சிறிது. அது உள்ளேயே நின்றுவிடும்.

"உள்ளுக்குள்ள இருக்கிற இந்த வெள்ளைக் குழல்தான் அம்மா, முழு மெசினும்" என்றார் இன்னாசித்தம்பி. "இது போனா எல்லாம் போச்சு. காய விடக்கூடாது. பின்னேரம் கழுவாம விடக்கூடாது."

அன்றைக்கு இன்னும் எவ்வளவோ சொன்னார். பாதி, மோட்டார்ச் சத்தத்தில் போய்விட்டது. கடைசியில், "இடைக்கிடை நிப்பாட்டுவீங்களா, இல்லாட்டி ஒரேயடியா ஓடவிடப் போறீங்களா?" என்று கேட்டார். கமீலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. முக்காட்டை இழுத்துக்கொண்டு, "தொழுகைக்கு மட்டும் நிப்பாட்டுவன் நானா. கெதியா வந்திடுவன்" என்றாள். அவர் சிரித்து, "அப்ப சரி, அது போதும்" என்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பொறுத்துக்கொள்கிற மனிதர் என்று கமீலா நினைத்துக்கொண்டாள்.

அப்படியே முற்பகலில் தானாக விரும்பித் தொழும் ளுஹாவுக்கு ஒரு தரம், மத்தியானம் ளுஹருக்கு ஒரு தரம், பின்னேரம் அஸருக்கு ஒரு தரம் என்று மோட்டார் நின்று நின்று ஓடியது. தெளிந்த வினாகிரியும் சுண்டுவிரல் தடிப்பில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதைப் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் அந்தப் பக்கம் நிற்கிற தென்னை தெரியும். கமீலா சிலவேளை ஆசைக்கு அப்படித் தூக்கிப் பார்ப்பாள்.

தலவிலப் பெருநாள் கிட்டியது. சாந்த அன்னம்மாளின் கோயிலுக்கு நாடெங்குமிருந்து சனம் வந்து, மரங்களின் கீழே கூடாரமடித்துத் தங்குகிற நாட்கள். அங்கே கடை போடுகிற அச்சாறுகாரருக்கெல்லாம் வினாகிரி வேண்டும். எமிலியாவின் மச்சாள் கத்தரினாவுக்கே ஒரு அச்சாறுக் கடை இருந்தது. கொட்டிலுக்கு அதுவரை வராத பெரிய ஓடர் வந்தது. ஆலையைப் பார்த்துக்கொள்கிற றஸீன் வந்து தலையைச் சொறிந்தான். ஹாஜியாரின் தங்கச்சி மகன். நல்ல பிள்ளை. ஒன்றைக் கேட்பதற்கு முன் நாலு தரம் விழுங்குவான்.

"கமீலா ராத்தா, கொஞ்சம் கூடுதலா ஓட்ட ஏலுமா? நான் தொழ வேணாமெண்டு சொல்லேல்ல. அப்பிடி நினைச்சிடாதீங்க."

கமீலா பதில் சொல்லுமுன் எமிலியா முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்ன? அக்கா தொழட்டும். மெசினை நான் பாத்துக்கொள்ளுறன். ஏன் நிப்பாட்டோணும்? அக்கா சாப்பிடேக்கையும் நான் நிப்பன். நான் சாப்பிடேக்க அக்கா நிக்கட்டும்."

இந்த யோசனை எப்படி இவ்வளவு நாள் வராமல் போனது என்று மூன்று பேருக்குமே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ளுஹருக்குப் பாங்கு சொன்னபோது கமீலா மோட்டாரை நிறுத்தவில்லை. எமிலியா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, "போங்க போங்க, ஆறுதலாத் தொழுங்க. எனக்கும் சேத்துக் கேளுங்க" என்றாள். கமீலா ஒளு செய்துகொண்டு தக்பீர் கட்டினாள். மோட்டார் பின்னால் உறுமிக்கொண்டே இருந்தது. யாருடைய நேரமும் வீணாகவில்லை. உம்மா சொல்லிக்கொடுத்து ஓதி நெடுநாளான நீண்ட சூறா ஒன்றை எடுத்தாள். நடுவில் எங்கும் தடக்கவில்லை. சுஜூதில் நெற்றியை வைத்தபோது பாயின் பன்புல் மணமும் தரையின் குளிர்ச்சியும் தெரிந்தன. இவ்வளவு நாளும் அவற்றுக்குக்கூட நேரம் இருக்கவில்லை. எழும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"என்ன அக்கா, அழுதீங்களா?"

"இல்ல புள்ள. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருக்கு."

அந்தச் சந்தோஷம் சில நாட்கள்தான். சுண்டுவிரல் தடிப்பில் ஒழுகிய வினாகிரி பென்சில் தடிப்பானது. பிறகு ஈர்க்கில் தடிப்பு. பின்னேரங்களில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. றஸீன் வந்து பார்த்துவிட்டு, தொட்டிக்குத் திரும்புகிற குழாயின் வால்வைக் கொஞ்சம் இறுக்கினான். உள்ளே அழுத்தம் கூடியது, மீற்றரின் முள் ஏறியது, ஒழுக்கும் ஒரு துள்ளுத் துள்ளியது. மூன்று பேரும் சிரித்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் முன்னையைவிடக் குறைந்திருந்தது. இன்னும் இறுக்கினான். இன்னும் குறைந்தது. கழுவுகிற சோடாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஓட்டிப் பார்த்தார்கள். காலையில் கொஞ்சம் உயிர் வந்தது மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் பழையபடி. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, பாலாடை மாதிரி ஒரு மஞ்சள் ஈஸ்ட் படை குழல்களின் வாயில் அப்பியிருந்தது. கமீலா விரலால் தொட்டாள். களி மாதிரி அமுங்கி இறுகியிருந்தது.

மெசின் விற்ற கம்பனிக்கு றஸீன் போன் எடுத்தான். இன்னாசித்தம்பி எங்கோ தூரத்து வேலையில் நிற்கிறார், அங்கே போன் பிடிக்காது என்றார்கள். குழல் பழுதாகியிருந்தால் புதிது கப்பலில்தான் வர வேண்டும் என்று போனை எடுத்த பெண்பிள்ளை சொன்னாள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, அது அவளுக்குத் தெரியாதாம்.

ஹமீட் ஹாஜியார் ஒரு காலையில் கொட்டிலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வெள்ளைத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, சொட்டுகிற குழாயைக் குனிந்து பார்த்தார்.

"கலங்கல் வினாகிரிய அச்சாறுகாரன் வாங்கமாட்டான்" என்றார். "பெருநாள் ஓடர் போகாட்டி இந்த மெசினத் திருப்பிக் குடுத்திட்டுக் கொட்டில மூடிருவம் றஸீன். எனக்கும் வயசு போச்சு. எல்லாத்தையும் கட்டிக்கொண்டு அழ ஏலாது." பிறகு கமீலாவின் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ யோசிக்காத மகள். ஆலைக்குள்ள இடமில்ல. எண்டாலும் எங்கட வெங்காயத் தோட்டத்தில எப்பயும் ஆள் தேவைதானே" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். கமீலாவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

அவர் போனபிறகு எமிலியா கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்ட கைதான் அக்கா. நான் பாக்கத் தொடங்கினாப் பிறகுதான் இப்பிடி ஆனது. சாந்த அன்னம்மாளே, நான் என்னத்தத் தொட்டனோ."

"விசர்க் கதை கதைக்காத. நீ ஒண்டையும் தொடேல்ல. சும்மா பாத்துக்கொண்டுதானே இருந்தனி."

"சும்மா பாத்தே நாசமாக்கிப்போட்டன்!"

கமீலாவுக்கு அவ்வளவு கவலைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே வெங்காயப் பாத்திகள் ஓடியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாத்திகளில் குனிந்து நின்ற பெண்களின் முகம் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. நீட்டித் தொழுததில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டதோ, அதற்குத்தான் இதுவோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. உடனே அஸ்தக்ஃபிருல்லாஹ் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். படைத்தவனைப் பற்றி அப்படி நினைப்பது அதைவிடப் பெரிய பிழை என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்த நேரம் ஜபார் களப்புக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கம்பு நட்டுக் கட்டியிருந்த வலை முழுக்கச் சாதாளைப் பாசி அப்பிக் கிடந்தது. நீரோட்டம் அதை வலையோடு சேர்த்து அமத்தி, வலையைத் துணி மாதிரி ஆக்கியிருந்தது. கமீலா சீலையைச் செருகிக்கொண்டு இறங்கி, அவருக்கு உதவியாகச் சாதாளையைப் பிய்க்கத் தொடங்கினாள். மனதில் இருந்த ஆத்திரமெல்லாம் கையில் வந்தது.

"ஏய் ஏய், வலையைக் கிழிச்சிப்போடுவாய்" என்றார் ஜபார். "விடு. தண்ணி இப்ப ஓடுது. ஓடேக்க நீ எவ்வளவு பிடுங்கினாலும் பின்னால வாறது வந்து ஒட்டும். இன்னும் கொஞ்சத்தால நீரோட்டம் நிண்டிரும். நிண்டா அமத்துறதுக்கு ஆளில்ல. அது தன்ட பாட்டில கழண்டு விழும்."

"அதுவரைக்கும் சும்மா நிக்கிறதா?"

"சும்மா நிக்க அலுப்பா இருந்தா என்னோட கதைச்சிக்கொண்டு நில்லு. என்னோட நீ கதைச்சே கனநாள். எந்நேரமும் மெசின்ட கதைதான்."

அவள் மெசினின் கதையைத்தான் சொன்னாள். அவர் பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தபோது தண்ணீர் நிதானித்தது. வலையின் புடைப்பு இறங்கியது. சாதாளை கொத்துக் கொத்தாகத் தளர்ந்து நழுவியது. ஜபார் வலையை ஒரு உதறு உதறினார். மிச்சமும் போய்விட்டது. கமீலா அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் தலவிலவில் கொடியேற்றம். எமிலியா லீவு. கொட்டிலில் கமீலா தனியே. மோட்டாரை ஓட்டினாள். ஒழுக்கு வழக்கம்போல மெலிந்துகொண்டே போய், ளுஹர் நேரம் சொட்டில் வந்து நின்றது. பாங்கு சொன்னது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. பழைய நாட்களைப்போல மோட்டாரை நிறுத்தினாள். அமைதி வந்தது. அந்த அமைதியை அவள் மறந்தே போயிருந்தாள்.

இனி அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ஆறுதலாகத் தொழுதாள். துஆவுக்குக் கையேந்தினாள். "யா அல்லாஹ், உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினாள்.

மோட்டாரைப் போட்டாள். தொட்டிக்குத் திரும்பி வருகிற குழாயில் முதலில் மண்டிபோலத் தடிப்பாக ஒரு கலங்கல் வந்து விழுந்தது. பிறகு பக்கத்துக் குழாயில் ஒழுக்கு வந்தது. ஈர்க்கில் அல்ல, பென்சில் தடிப்பில்.

கமீலாவின் கண்ணுக்கு முன்னால் ஜபாரின் வலையிலிருந்து சாதாளை நழுவி விழுந்தது.

"றஸீன் தம்பி!" என்று கத்திக்கொண்டு ஆலைக்குள் ஓடினாள். அவள் சத்தம் போட்டு அங்கே யாரும் கேட்டதில்லை. தேங்காய் உரிக்கிற பெண்களெல்லாம் கத்தியைப் போட்டுவிட்டு எழும்பிவிட்டார்கள்.

றஸீன் வந்து பார்த்தான். "என்ன செஞ்சீங்க ராத்தா?"

"ஒண்டும் செய்யேல்ல."

"ஒண்டும் செய்யாம எப்பிடி?"

"அதுதான் தம்பி. ஒண்டும் செய்யேல்ல. நிப்பாட்டிப்போட்டுத் தொழப் போனன்."

ஒழுக்கு மறுபடி மெலியும்வரை காத்திருந்து, றஸீன் மோட்டாரை நிறுத்தினான். அவனுக்குப் பொறுமை இல்லை, வாசலுக்கும் மோட்டாருக்குமாக நடந்தான். கமீலா அவனை ஒரு தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள். குடித்துவிட்டு வந்து போட்டார்கள். திரும்பவும் தடித்த கலங்கல், திரும்பவும் நல்ல ஒழுக்கு, போன தடவையைவிட ஒரு சொட்டுக் கூடுதலாகவே. றஸீன் தொடையில் தட்டினான். அவனுக்கு நினைவு வந்து, தான் இறுக்கிய வால்வையும் பழைய இடத்துக்குத் தளர்த்தினான். தளர்த்தினால் குறையும் என்று பயந்தார்கள். குறையவில்லை. குழல்களுக்குள் ஓட்டம் வேகமாகி, படிந்ததை அள்ளிக்கொண்டு போனது.

அன்று பின்னேரம் இன்னாசித்தம்பியின் போன் பிடித்தது. றஸீன் ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைக் கேட்டு அவர் அந்தப் பக்கத்தில் பெரிதாகச் சிரித்தார்.

"ஐயோ தெய்யனே! அண்டைக்கே கேட்டனே அம்மா, இடைக்கிடை நிப்பாட்டுவீங்களா எண்டு! நீங்க தொழுகைக்கு நிப்பாட்டுவன் எண்டு சொன்னபடியாத்தானே நான் வேற ஏற்பாடு ஒண்டும் செய்யாம விட்டது."

"நீங்க என்ட தொழுகைய மன்னிச்சு விட்டீங்க எண்டெல்லோ நான் நினைச்சன் நானா" என்றாள் கமீலா.

"மன்னிக்கிறதா? அந்தக் குழலுக்கு ஓய்வு வேணும் அம்மா. ஒரேயடியா ஓடினா ஈஸ்ட் எல்லாம் சுவரில வந்து குந்திக்கொள்ளும். அமத்தினா இன்னும் நல்லா இறுகும். அழுத்தத்தை எடுத்துவிட்டாத்தான் அது தளரும், பிறகு வாற ஓட்டத்தில கழுவுப்பட்டுப் போகும். நானும் பிழை. ஏன் கேக்கிறன் எண்டு விளங்கப்படுத்தி இருக்கோணும். குழல் சாகேல்ல, பயப்படாதீங்க. இண்டைக்குச் சோடாத் தண்ணியில ஊறவிடுங்க. நாளையில இருந்து தொழுகைக்கு மட்டுமில்ல, இன்னும் அடிக்கடி நிப்பாட்டுங்க. நான் வந்து, தெளிஞ்சதில கொஞ்சத்தைப் பின்னால தள்ளிக் கழுவ ஒரு சின்னக் குழாய் பூட்டித் தாறன்."

போன் வைத்தபிறகு கமீலா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் களவெடுக்கிறோம் என்று நினைத்து நினைத்து, கூனிக்குறுகி எடுத்த நேரமெல்லாம் மெசினுக்கும் சேர்த்தே போயிருக்கிறது. அவளுக்குத் தெரியாது. ஹாஜியாருக்கும் தெரியாது. சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். றஸீனும் சொன்னான்.

எமிலியா அடுத்த நாள் வந்தபோது, பஸ்ஸால் இறங்கிய இடத்திலேயே செய்தி கிடைத்துவிட்டது. ஓடி வந்து கமீலாவைக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப நான் மெசினைக் கொல்லேல்லை!"

"இல்ல. நீ அதுக்கு ஓய்வு குடுக்காம வேலை வாங்கினனி. முதலாளி ஆகிற குணம் உனக்குத்தான் இருக்கு."

"கொடி ஏறேக்க இந்த மெசினுக்குத்தான் அக்கா நேத்தி வைச்சனான். கத்தரினா சிரிக்கிறா, எல்லாரும் பிள்ளைக்கு வைக்கிறாங்க, நீ ஒரு குழாய்க்கு வைக்கிறாய் எண்டு." பிறகு முகத்தைப் பாரமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னும் அடிக்கடி நிப்பாட்டோணும் எண்டவரா இன்னாசித்தம்பி?"

"ஓம்."

"அப்ப என்ட திரிகால செபத்தையும் சேருங்க. மத்தியானம் மணி அடிக்கேக்க ஒருக்கா. என்னையும் மெசின் தேடட்டும்."

அப்படியே ஆயிற்று. ளுஹாவுக்கு நின்றது, எமிலியாவின் செபத்துக்கு நின்றது, ளுஹருக்கு நின்றது, அஸருக்கு நின்றது. நடுவில் தேத்தண்ணிக்கும் நின்றது. கூடுதலாக நிறுத்தியும் மாலையில் போத்தல்கள் கூடுதலாகத்தான் நிறைந்திருந்தன. ஹாஜியார் ஒருநாள் வந்து ஒரு போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கி அந்தப் பக்கத்துத் தென்னையைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். கொட்டிலை மூடுகிற பேச்சை எடுக்கவில்லை. போகும்போது கதவருகில் நின்று, "மகள், பாய் பழசாப் போச்சுப் போல. றஸீனிட்டச் சொல்லி நல்ல முசல்லா ஒண்டு எடுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னார்.

பெருநாள் ஓடர் லொறியில் ஏறியது. கத்தரினா தன் பங்குக்கு ஒரு போத்தல் மாங்காய் அச்சாறு அனுப்பியிருந்தாள். கமீலா அதில் பாதியைப் பளீலாவுக்குக் கொடுத்தாள். பளீலா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பி, "தவறணை வினாகிரி எண்டாலும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இப்போது கமீலா அவசரப்படுவதில்லை. பாங்கு சொன்னதும் மோட்டாரை நிறுத்துகிறாள். கொட்டில் அமைதியாகிறது. தென்னை ஓலைச் சத்தமும் தூரத்துக் கடலின் இரைச்சலும் உள்ளே வருகின்றன. அவள் நீண்ட சூறாவை எடுக்கிறாள். புதிய முசல்லாவில் நெற்றி வைத்தால் எழும்ப மனம் வருவதில்லை. ஒருநாள் அப்படியே கிடந்தபோது, வாசலில் றஸீன் நாலு தரம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அவள் ஸலாம் கொடுத்துத் திரும்பினாள்.

"தொழுங்க ராத்தா, தொழுங்க" என்றான் அவன். "ஒண்டுமில்ல. மெசின் நல்லாத் தூங்கி எழும்பிட்டுது. அதுதான் உங்களத் தேடுது."

"வாறன் தம்பி" என்றாள் கமீலா. துஆவை உட்கார்ந்தே கேட்டு முடித்துவிட்டு எழும்பினாள்.